வாயில் வராத சொல்

— வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்கக்கா. அட்டையில எழுதணும்.

— நல்லாக் கேட்ட போ. அவிய பேரை நான் எப்படிப் புள்ள வாயால சொல்லுவேன்? வாசல்ல பேனர் கட்டிருக்காவல்லா, அதுல கெடக்கு. பாத்து எழுதிக்க.

— இருங்க, எட்டிப் பாக்குதேன். ‘தீயும் சுடாத திருக்கரம் கொண்ட வெயிலுகந்தம்மாள் அவர்கள் அக்கினிச்சட்டி ஏந்தி வருகிறார்கள். அனைவரும் வருக. இவண், கொடைவிழாத் தலைவர் சுடலைராஜ்.’ ஏக்கா, உங்க போட்டோ சினிமாக்காரி கணக்கா இருக்கே!

— கேலி பண்ணாத. அது என் தங்கச்சி மக கல்யாணத்துல எடுத்தது.

— இன்னைக்குச் சனி. வார செவ்வாக்கெழமை கொடை. அதுக்குள்ள நீங்களே சுகாதார நிலையத்துக்கு வந்து முதல் மாத்திரையை முழுங்குவீங்கன்னு வழி பாத்தேன். வரலை. அதான் கரிசல் சேத்துல ஸ்கூட்டியைத் தள்ளிக்கிட்டு நானே வந்துட்டேன். வீட்டுல சொன்னீங்களா?

— எதை?

— டாக்டர் சொன்னதைத்தான்.

— சொல்லலை. மெதுவாப் பேசு. வேன் சத்தம் கேக்கு, அவிய வந்துட்டாவ.

— ஏட்டி வெயிலு! ஆருட்டி வந்திருக்கா? வாசல்ல ஒரு ஸ்கூட்டி, டயர் பூராவும் மண்ணு.

— நான்தான் அண்ணாச்சி, அஞ்சலின். சுகாதார நிலையத்து நர்சு. கடம்பூர்க்காரி.

— வா தாயி, வா. கடம்பூர்ல இருந்து வெறுங்கையோடவா வருவ? ஒரு பொட்டலம் போளி வாங்கிட்டு வரக் கூடாதா?

— வெறுங்கை இல்லை அண்ணாச்சி. அக்காவுக்கு மாத்திரை கொண்டு வந்திருக்கேன்.

— மாத்திரையா? இவளுக்கா? நான் ஒண்ணு கேக்கேன், ஒரு நாள் தலைவலின்னு இவ படுத்து நீ பாத்திருக்கியா? ஊரே காய்ச்சல்ல முடங்கிக் கெடந்தப்பவும் இவ தீப்பெட்டி ஆபீஸ்ல பெட்டி அடைச்சுக்கிட்டுத்தான் இருந்தா. மாத்திரையாம்!

— அக்கா, அண்ணாச்சிட்ட நான் சொல்லவா? நீங்க சரின்னாத்தான் சொல்லுவேன்.

— சொல்லு. என்னைக்கானாலும் தெரியத்தான் போகுது.

— போன வாரம் தீப்பெட்டி ஆபீஸ்ல எங்க முகாம் நடந்துது அண்ணாச்சி. வேலை பாக்குற எல்லாரையும் பாத்தோம். அக்காவுக்கு வலது புறங்கையில தேமல் மாதிரி ஒரு வெளுத்த படை இருக்குல்லா? அந்த இடத்துல தொட்டாத் தெரியலை, குத்துனாலும் தெரியலை. முழங்கைகிட்ட ஓடுற நரம்பு தடிச்சிருக்கு, அதனால உள்ளங்கையும் விரலும்கூட மரத்திருக்கு. டாக்டர் பாத்து உறுதி பண்ணிட்டாங்க. இது தொழு...

— நிறுத்து. அந்தச் சொல்லை என் வீட்டுக்குள்ள எடுக்காத.

— எடுக்கத்தான் அண்ணாச்சி வந்திருக்கேன். தொழுநோய். இப்பத்தான் ஆரம்பம். ஆறு மாசம் மாத்திரை தின்னா குணமாயிரும். துட்டு ஒண்ணும் கெடையாது.

— ஏ புள்ள, உனக்குப் புத்தி கித்தி இருக்கா? விளாத்திகுளத்துல இருந்தும் குளத்தூர்ல இருந்தும் இவ கையால நெத்தியில துண்ணூறு பூசிக்கிட சனம் வருது. இந்தக் கை எந்தக் கை தெரியுமா? கொதிக்கக் கொதிக்க அக்கினிச்சட்டியை மூணு வருசமா ஏந்துன கை. கோயிலைச் சுத்தி ஊரைச் சுத்தி ஒன்றரை மணி நேரம். மத்தவளுக எல்லாம் ‘ஆத்தா, ஆத்தா’ன்னு கதறுவாளுக. இவ முகத்துல ஒரு சுளிப்பு கெடையாது. கையில ஒரு செவப்பு கெடையாது. அது அம்மன் குடுத்தது. அதைப் போய்...

— செவப்பு கெடையாதா அண்ணாச்சி? கிட்ட இருந்து பாத்தீங்களா?

— பாக்க வேற செய்யணுமா? ஊரே பாத்துச்சு.

— கையில உணர்ச்சி இல்லைன்னா முகம் எப்படிச் சுளிக்கும்? அதைத்தான் நான் சொல்லுதேன்.

— நீ வேதக்காரப் புள்ள. எங்க அம்மன் கதை உனக்கு எப்படித் தெரியும்?

— எங்க அம்மா வருசா வருசம் மாதா கோயிலுக்கு முட்டி போட்டுப் போவா. முட்டி தேஞ்சு ரத்தம் வரும். நேர்த்திக்கடன்னா என்னன்னு எனக்குத் தெரியும். சாமியை நான் ஒரு வார்த்தை குறை சொல்லலை. கையைச் சொல்லுதேன்.

— சரி, நான் ஒண்ணு கேக்கேன். வைத்தியம்னா என்ன? எதிருக்கு எதிர். எங்க அய்யா எங்களுக்கு அப்படித்தான் பாத்தாரு. உடம்பு சூடுன்னா இளநி. சளி பிடிச்சா சுக்கு. இறுகிக்கிட்டா இளக்க ஒண்ணு, இளகிப் போச்சுன்னா இறுக்க ஒண்ணு. உங்க இங்கிலீஷ் வைத்தியமும் அதுதான?

— பாதிக்கு மேல அதுதான். காய்ச்சல்னா சூட்டை இறக்க மாத்திரை. ரத்தக் கொதிப்புன்னா கொதிப்பை அடக்க மாத்திரை. எதிர்த்து நிக்கிற மருந்துதான் குடுக்கோம்.

— அப்படி வா வழிக்கு! அப்ப மரத்துப்போன கைக்கு எதிர் என்ன? சூடு. நல்லாக் காயணும். அக்கினிச்சட்டிதான் அதுக்கு மருந்து. இந்தச் செவ்வாக்கெழமை எடுத்தான்னா எல்லாம் சரியாப் போகும். நீ உன் அட்டையை மடிச்சு வச்சுக்க.

— அண்ணாச்சி, நீங்க சொன்னதையே நானும் கேக்குதேன். சளிக்குச் சுக்குன்னா, முதல்ல அது சளிதான்னு தெரியணும்லா? சூட்டு உடம்புக்காரனுக்குச் சுக்கைக் குடுத்தா என்ன ஆகும்?

— இன்னும் சூடாகும்.

— அவ்வளவுதான். நோய் இன்னதுன்னு பேர் தெரிஞ்ச பெறகுதான் எதிர் மருந்து. நீங்க அந்தப் பேரையே சொல்லக் கூடாதுங்கிய. பேரைச் சொல்லாத நோய்க்கு எதிரை எங்க போய்த் தேட? இது மரத்துப்போன கைக்கு மருந்து இல்லை. மரக்க வைக்கிற கிருமிக்கு மருந்து. அந்தக் கிருமிக்கு இந்த மூணு மாத்திரையும் எதிரி. நெருப்பு எதிரி இல்லை. நெருப்பு கையைத்தான் தின்னும், கிருமி அதுபாட்டுக்கு இருக்கும்.

— வலி இருந்தாத்தான் வைத்தியம். வலியே இல்லாதவளுக்கு எதுக்குட்டி மருந்து? ஊர் சிரிக்கவா?

— வலி இல்லாததுதான் அண்ணாச்சி இந்த வியாதியே. மத்த நோய்க்கு வலியை எடுக்க மருந்து குடுப்போம். இதுக்கு மட்டும், இன்னும் மிச்சமிருக்குற வலி போயிராம இருக்க மருந்து குடுக்கோம்.

— இந்தாங்க, நான் ஒரு வார்த்தை சொல்லிக்கிடுதேன்.

— நீ சும்மா இரு. நீ பேசுனா இவளுக்குத் துணிச்சல் வரும்.

— என் கையைப் பத்தித்தான பேசுதிய? அப்ப நான் பேசாம ஆரு பேசுவா? போன மாசம் என் விரல் கருகுச்சுல்லா? எண்ணெய் தெறிச்சுட்டுன்னு உங்ககிட்ட சொன்னேன். எண்ணெய் இல்லை. ஆபீஸ்ல பெட்டி அடைக்கையில குச்சி உரசிப் பத்திக்கிட்டு. பக்கத்துல பெட்டி அடைக்கிற சுகுணா ‘மதினி, கை, கை’ன்னு கத்துன பெறகுதான் குனிஞ்சு பாக்குதேன். என் விரல்தான் எரியுது. நான் அடுத்த பெட்டியை எடுத்துக்கிட்டு இருக்கேன்.

— இதை ஏன்ட்டி எங்கிட்டச் சொல்லலை?

— சொன்னா என்ன சொல்லிருப்பிய? ‘பாத்தியா, அம்மன் காப்பாத்திட்டா’ன்னு அதையும் பேனர்ல போட்டிருப்பிய.

— அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு நினைச்சேன். மூணு வருசம் முன்னாலயும் ஆபீஸ்ல ஒரு முகாம் நடந்துச்சாமே. அப்ப உங்க கையைப் பாக்கலையா?

— பாத்தாவ. வெளியூர் டாக்டர், சின்னப் பையன். கண்ணாடிக் குழாய் ரெண்டு வச்சிருந்தாரு. ஒண்ணுல வெந்நி, ஒண்ணுல பச்சைத் தண்ணி. ரெண்டையும் மாத்தி மாத்திக் கையில வச்சாரு.

— வச்சு?

— ஒண்ணுமே தெரியலை. அவரு கேட்டாரு, இப்படி இருக்கா, அப்படி இருக்கான்னு. நான் சொல்ல வேண்டிய பதில் ஒண்ணுதான். அது என் வாயில வராது.

— ஏன் வராது?

— என்ன புள்ள நீ, இவ்வளவு நேரமாக் கேட்டுக்கிட்டு இருக்க! அது இவிய பேருல்லா?

— யம்மா! ஆமா... ‘சுடுதா, சுடலையா’ன்னு கேட்டிருப்பாரு.

— அதேதான். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ‘ஆமாங்க’ன்னேன். அவரு எந்த ஆமாவை எடுத்தாரோ, ஒரு கோட்டைப் போட்டுட்டு ‘அடுத்த ஆளு வாங்க’ன்னுட்டாரு. வேற மாதிரிச் சொல்லலாம்னு வெளிய வந்த பெறகுதான் தோணுச்சு. ‘காந்தலை’ன்னு சொல்லியிருக்கலாம். திரும்பப் போய்ச் சொல்ல வெக்கமா இருந்துச்சு.

— அன்னைக்கே கண்டுபிடிச்சிருந்தா, சுண்டுவிரல் இப்படி வளைய ஆரம்பிச்சிருக்காதேக்கா. அன்னைக்கு வெறும் மரப்பு மட்டும்தான இருந்திருக்கும்!

— எனக்கு என்ன தெரியும்? அந்த வருசம்தான் முதல் முதலாச் சட்டி எடுத்தேன். கை காந்தலை. எல்லாரும் அம்மன் அருள்ன்னாவ. நானும் நம்புனேன். ஒரு சொல்லை முழுங்குனதுக்கு மூணு வருசம்.

— ஏட்டி, புருசன் பேரைச் சொல்லாதது ஒரு குத்தமா? மானமா இருக்க பொம்பளை அப்படித்தான் இருப்பா. நான் என்னைக்காவது சொல்லச் சொன்னேனா?

— சொல்ல வேண்டாம்னும் சொல்லலை. எனக்கே அது பெருமையாத்தான் இருந்துச்சு. நம்ம மாடன் கோயிலுக்குக்கூட முழுப்பேரைச் சொல்ல மாட்டேன், மாடசாமி கோயில்னுதான் சொல்லுவேன். நீ எப்படிப் புள்ள கண்டுபிடிச்ச? நீ ஒண்ணுமே கேக்கலையே?

— நான் வாயைக் கேக்கலைக்கா. கண்ணை மூடச் சொல்லிட்டு, பேனா முனையால தொட்டுத் தொட்டு, ‘எங்க தொடுதேன், விரலை வச்சுக் காட்டுங்க’ன்னேன்லா? மத்த இடமெல்லாம் சரியாக் காட்டுனீங்க. அந்தப் படையில ஏழு தடவை தொட்டேன். நீங்க ‘இன்னும் ஆரம்பிக்கலையா’ன்னு கேட்டிய.

— சரி, ஆனது ஆச்சு. நான் முடிவாச் சொல்லுதேன். கொடை முடியட்டும். செவ்வாக்கெழமை சட்டி எடுக்கட்டும். அதுக்குப் பெறகு மதுரையில போய் ஆருக்கும் தெரியாமப் பாத்துக்கிடுதோம். கொடைக் கமிட்டியில நம்ம இடத்தைப் பிடிக்க, நாம எப்படா விழுவோம்னு வன்னியபெருமாள் அண்ணன் காத்துக் கெடக்காரு. பேனரைக் கழட்டுனா என் மானம் என்ன ஆகுறது?

— செவ்வாக்கெழமை சட்டி எடுத்தா வலது கை அதோட போச்சு அண்ணாச்சி. கொப்புளம் வந்தாத் தெரியாது. புண்ணாகும், அதுவும் தெரியாது. சீழ் பிடிச்சு எலும்பு வரைக்கும் போகும். நீங்க பயப்படுதியளே ஊர்ல அந்த வியாதிக்காரங்க கை எப்படி இருக்கும்னு, அது வியாதி பண்ணுறதுல பாதி. மீதி, தெரியாமச் சுட்டுக்கிடுறது.

— பயமுறுத்துதா பாரு.

— பயமுறுத்தலை. சத்தியத்தைச் சொல்லுதேன். போன உணர்ச்சி பூராவும் திரும்பும்னும் சொல்ல மாட்டேன். இருக்க உணர்ச்சி போகாது. விரல் இதுக்கு மேல வளையாது. மாத்திரை ஆரம்பிச்சுட்டா அடுத்தவங்களுக்கும் ஒட்டாது. உங்களையும்கூடப் பாக்கணும் அண்ணாச்சி. ஒரே வீட்டுல இருக்கவங்களை அவசியம் பாக்கணும்னு சொல்லியிருக்காங்க.

— என்னையா? நான் கல்லு கணக்கா இருக்கேன். இருபது வருசமா வேன் ஸ்டியரிங் பிடிச்ச கை. என்னைத் தொட்டுப் பாக்க வந்துட்டா!

— அஞ்சலினு, எனக்கு இன்னொரு கணக்கு இருக்கு. அதை இன்னைக்குச் சொல்லிருதேன். இவிய கேக்கட்டும். சட்டியை ஒத்தக் கையாலயா பிடிப்பாவ?

— இல்லை. ரெண்டு கையாலயும்.

— என் இடது கையைக் காட்டவா? சேலைத் தலைப்புக்குள்ளயே வச்சிருப்பேன், இவியகூடப் பாத்தது கெடையாது. இந்தா.

— அய்யோ, அக்கா! உள்ளங்கை பூராவும் தழும்பா இருக்கே!

— மூணு வருசத்துக் கொப்புளம். வலது கையிலயும் லேசா வரும், நோகாததால அதை நான் கண்டுக்கிடலை. ஒவ்வொரு கொடைக்கும் வேப்பங்குழையை இந்தக் கைக்கு ரெட்டை மடங்கா வச்சுக் கட்டுவேன். அப்பவும் உசிரு போகும். பல்லைக் கடிச்சுக்கிட்டு, முகத்தைச் சிரிச்ச மாதிரி வச்சுக்கிடுவேன். ராத்திரி மஞ்சளை அப்பிக்கிட்டு அழுவேன். எதுக்கு அழுதேன் தெரியுமா? வலிக்காக இல்லை. வலது கையில இருக்க அம்மன் இடது கையில இல்லையேன்னு. நான் பாதிதான் சுத்தம்னு நினைச்சேன்.

— ஏட்டி... மூணு வருசமா?

— மூணு வருசமா. இந்தப் புள்ள போன வாரம் பேனா முனையால தொட்டுச்சு பாருங்க, அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. காந்துன கைதான் நல்ல கை. காந்தாத கைதான் வியாதிக் கை. நான் தலைகீழா நம்பிக்கிட்டு இருந்திருக்கேன். சட்டி எதுக்கு எடுக்கோம்? வலியைத் தாங்கி ஆத்தாவுக்குக் குடுக்க. தெரியாத கையால ஏந்துனா நான் என்னத்தைக் குடுத்தேன்? ஆத்தாவுக்கு நான் குடுத்ததெல்லாம் இடது கையிலதான் இருக்கு. அதை ஆரும் போட்டோ எடுக்கலை.

— இப்ப என்னதான் சொல்லுத?

— இந்த வருசம் நான் சட்டி எடுக்கலைன்னு சொல்லுதேன். கோயில் மைக்லயே சொல்லுவேன். ‘எனக்குத் தொழுநோய், மாத்திரை திங்குதேன், நல்லாயிருவேன், தேமல் இருக்கவங்க வெக்கப்படாமப் போய்க் காட்டுங்க’ன்னு துண்ணூறு வாங்க வார அத்தனை பேருகிட்டயும் சொல்லுவேன்.

— நீ மைக்கைத் தொடு பாப்போம்! கல்யாணமாகி இருபத்தாறு வருசத்துல என் பேச்சைத் தட்டாதவ...

— இருபத்தாறு வருசம் தட்டலை. இன்னைக்குத் தட்டுதேன். கமிட்டியில உங்க இடம் போனா வேற இடம் கெடைக்கும். என் விரல் போனா எங்க போய் வாங்க? அஞ்சலினு, எத்தனை மாத்திரை?

— இன்னைக்கு என் கண்ணு முன்னால மூணு. பெறகு அட்டையில இருக்க மாதிரி தெனம். நாளைக்கு ஒண்ணுக்குச் செவப்பாப் போகும், பயந்துராதீங்க. தோலு கொஞ்சம் கறுக்கும்.

— நான் என்ன செவத்தக்குட்டியா? கறுக்கட்டும். இரு, தண்ணி எடுத்துட்டு வாரேன். மழைத் தண்ணி சேந்து குழாய்ல கலங்கலா வருதுன்னு அடுப்புல காய வச்சிருக்கேன். இப்பவும் கொதிச்சுக்கிட்டுத்தான் கெடக்கு. இந்தா, இந்த டம்ளரைப் பிடி. துணி வச்சுப் பிடி!

— ஸ்... யப்பா! துணி வச்சும் தாங்கலை. கீழ வச்சிருதேன், ஆறட்டும்.

— ஆறவும் வேண்டாம், குடிக்கவும் வேண்டாம்! குடு அந்த டம்ளரை இங்கன.

— அண்ணாச்சி, வேண்டாம், அது...

— எட்டி நில்லு தாயி. தண்ணி என் கையில இருக்கு. எப்படிட்டி முழுங்குவ, பாக்குதேன். என்னை மீறி இந்த வீட்டுல ஒரு மடக்கு இறங்காது.

— அஞ்சலினு, உன் பைக்குள்ள ஒரு பாட்டில் தெரியுதே.

— அது நான் வாய் வச்சுக் குடிச்சதுக்கா.

— உனக்குச் சங்கடம் இல்லைன்னா எனக்கென்ன?

— எனக்கு என்னக்கா சங்கடம்? குடிங்க. மிச்சத்தை நான் குடிக்கேன்.

— பாத்தியளா? வியாதிக்காரி குடிச்ச மிச்சத்தைக் குடிக்கேங்குது இந்தப் புள்ள. நீங்க தண்ணியை மறிச்சுக்கிட்டு நிக்கிய. இந்தாங்க, ஒண்ணு... ரெண்டு... மூணு. முழுங்கியாச்சு. வாயைத் தெறந்து காட்டவா?

— சீ! இவ்வளவு நெஞ்சழுத்தமா உனக்கு? நாளைக்கு ஊர் கூடிக் கேக்கும், அப்ப நான் வாயைத் தெறக்க மாட்டேன். நீயே பதில் சொல்லிக்க.

— சொல்லிக்கிடுதேன்.

— பேனரைக் கழட்டச் சொன்னா நான் கழட்ட மாட்டேன்.

— நானே கழட்டிக்கிடுதேன்.

— அண்ணாச்சி.

— நீ ஒண்ணும் பேசாத.

— அண்ணாச்சி, அந்த டம்ளரைக் கீழ வைங்க.

— வைக்க மாட்டேன். என்ன செய்வ?

— அக்கா... அண்ணாச்சி கையைப் பாருங்க. துணி இல்லாமப் பிடிச்சிருக்காங்க. எம்புட்டு நேரமாப் பிடிச்சிருக்காங்க!

— ஏங்க... அது அடுப்புல இருந்து இறக்குன தண்ணிங்க.

— அதுக்கென்ன இப்ப? ஸ்டியரிங் பிடிச்சுக் காய்ச்சுப்போன கை. உங்களை மாதிரி...

— காய்ப்பு உள்ளங்கையில அண்ணாச்சி. டம்ளர் விரல் நுனியில இருக்கு. அங்கன தோல் கெளம்பி நீர் கோக்குது. குனிஞ்சு பாருங்க.

— ஏட்டி... என்னட்டி இது? எனக்கு ஒண்ணும்... ஒண்ணுமே...

— குடுங்க. இங்கன குடுங்க டம்ளரை. உக்காருங்க. ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்லா. அஞ்சலினு, இன்னொரு அட்டை எடு.

— திங்கக்கெழமை டாக்டர் பாத்துத்தான் உறுதி பண்ணணும்க்கா. இப்ப நான் ரெண்டு விசயம் மட்டும் குறிச்சுக்கிடுதேன். ஆளு பேரு என்ன, தொட்டதுல சூடு தெரிஞ்சுதா இல்லையா.

— ரெண்டுக்கும் ஒரே பதில்தான், எழுதிக்க: சுடலை.